ஜன்னலை மூடினேன், சுரங்கத்தை மூடவில்லை

அத்தியாயம் பதினொன்று

போன வாரம் ஒரு போன் காலோடு நிறுத்தினேன். அந்த காலில் என்னை யாரும் திருடி என்று சொல்லவில்லை. சொல்லாமல் சொன்னார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். புதிதாக வந்து உட்காருகிறவர்களுக்காகக் கதையைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பழைய ஆட்கள் போய் ஒரு காபி கலந்துகொண்டு வாருங்கள்.

நான் ஸ்கேன் பார்க்கிற டாக்டர். மனிதர்களின் முகம் எனக்குத் தெரியாது, உள்ளே இருப்பது மட்டும்தான் தெரியும். சென்டர் எங்கள் வீட்டிலிருந்து இரண்டரை மணி நேரப் பயணம். அதனால் மாடி அறையில் உட்கார்ந்தபடியே சென்டரில் இருக்கிற கம்ப்யூட்டரை இங்கிருந்து இயக்கிப் படம் பார்க்கிறேன், ரிப்போர்ட் எழுதுகிறேன், கையெழுத்துப் போடுகிறேன். நோயாளியின் பெயரை எங்களுக்குக் காட்ட மாட்டார்கள். ஒரு நம்பர், வயது, ஆணா பெண்ணா, முடிந்தது.

இதற்கு முன்னால் நான் நாலு வருஷம் வேலையில்லாமல் வீட்டோடு கிடந்தவள். ஒவ்வொரு சென்டரும் "தினமும் வந்து உக்காரணும்" என்றது, என்னால் போக முடியவில்லை. இந்த வேலை கிடைத்த அன்று மாடிக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். வீட்டில் யாருக்கும் இது தெரியாது, உங்களிடம் சொல்கிறேன்.

அந்த போனுக்கு மூன்று வாரம் முன்னால் என் தம்பி வந்தான். பாதி ஊருக்கு நெட்வொர்க் போட்டுக் கொடுக்கிறவன், வீட்டில் அவனுக்கு வயர் என்று பெயர். நான் வேலை செய்கிற விதத்தைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான்.

"அக்கா, உன் சென்டர் வாசக்கதவை அகலத் திறந்து வெச்சிருக்கு. நேத்து ஒரே நாள்ல பன்னெண்டாயிரம் தடவை எவனெவனோ வந்து தாழ்ப்பாளை ஆட்டிப் பாத்திருக்கான். எவனாவது ஒருத்தன் உன் பாஸ்வேர்டைக் கண்டுபிடிச்சா அத்தனை பேர் ஸ்கேனும் சந்தி சிரிக்கும்."

சென்டரில் பேசி, அந்த வாசலை அடைத்து, என் கம்ப்யூட்டருக்கும் அவர்கள் கம்ப்யூட்டருக்கும் நடுவில் ஒரு சுரங்கம் போட்டுக் கொடுத்தான். உள்ளே போவதெல்லாம் பூட்டுப் போட்ட எழுத்து, வழியில் ஒட்டுக்கேட்கிறவனுக்கு ஒரு மண்ணும் புரியாது என்றான். எனக்கும் புரியவில்லை. சரி, வேலை நடக்கிறதே என்று விட்டுவிட்டேன்.

போன் வந்த வாரம், செவ்வாய்க்கிழமை அரை நாள் லீவு போட்டு மாமியாரைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். புதன்கிழமை எங்கள் சென்டரின் பெரிய மேடம் கூப்பிட்டார். செவ்வாய் மதியம் மூன்று நாற்பதுக்கு, நான் லீவில் இருந்த நேரத்தில், என் பெயரில் யாரோ உள்ளே வந்து 4471 என்ற ரிப்போர்ட்டைத் திறந்து இருபத்தாறு நிமிஷம் பார்த்திருக்கிறார்கள்.

"நீங்க இல்லைன்னா யாருன்னு சொல்லுங்க டாக்டர். வியாழக்கிழமை அஞ்சு மணிக்கு நிர்வாகம் கூடுது. பதில் இல்லைன்னா வீட்டிலேருந்து பாக்கறதையே நிறுத்திடுவாங்க. என் கையில இல்லை."

அந்த நிமிஷமே சென்டரில் என் பெயரைப் பூட்டிவிட்டார்கள். இப்போது வியாழக்கிழமை. காபி கலக்கப் போனவர்கள் வந்து உட்காரலாம்.

*

காலை பத்து மணிக்கு வயர் வந்தான். தோளில் பை, முகத்தில் கடுப்பு. முந்தின நாள் போனில் "உன் சுரங்கம்தான்டா ஓட்டை" என்று கத்தியிருந்தேன்.

"செருப்பை வெளியவே விடு" என்றேன்.

"ஓட்டைச் சுரங்கம் போட்டவனோட செருப்பு எங்க கிடந்தா என்ன?"

"சரி, வாடா. கோபத்தை எல்லாம் மாடிக்கு வந்து காட்டு."

கூடத்தில் அத்தை கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார். அத்தை என்றால் என் மாமியார். இடது கண்ணில் அறுவை முடிந்து ஒன்பது நாள். கண்தான் ஓய்வில் இருக்கிறதே தவிர வாய்க்கு லீவு கிடையாது.

"யாரு, சுரங்கத் தம்பியா? இன்னும் எவ்வளவுப்பா தோண்டணும்?"

"தோண்டியாச்சு அத்தை. எவனோ உள்ள பூந்துட்டானாம், அதைத்தான் பாக்க வந்திருக்கேன்."

இதைச் சொல்லியிருக்கக் கூடாது. பத்து நிமிஷத்தில் வாசல் மணி அடித்தது. கீழ் வீட்டுக்காரர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். இந்தக் கட்டடத்தின் சொந்தக்காரர் அவர்தான்.

"தப்பா நினைக்காதீங்க டாக்டர். பெரியம்மா ஜன்னல் வழியா சொன்னாங்க. சுரங்கம் தோண்டறீங்களாம், ஆளு வேற உள்ள இருக்கானாம். கட்டடம் பழசு. அஸ்திவாரம் தாங்குமா?"

அது கம்ப்யூட்டருக்குள் இருக்கிற சுரங்கம் என்று புரியவைக்க எனக்குக் கால் மணி நேரம் ஆனது. புரிந்ததாகத் தலையாட்டிவிட்டுப் போகும்போது சுவரை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துக்கொண்டுதான் இறங்கினார்.

*

மாடியில் மேடம் அனுப்பிய தாளை வயரிடம் கொடுத்தேன். யார் எப்போது உள்ளே வந்தார்கள் என்று கம்ப்யூட்டர் தானே எழுதிக்கொள்கிற பதிவு அது. ஒரே ஒரு வரியில் மஞ்சள் கோடு போட்டிருந்தார் மேடம். நாள், நேரம், என் பெயர். எங்கிருந்து வந்தார் என்ற இடத்தில் 127.0.0.1.

"இது எந்த ஊருடா?"

"ஊரே இல்லை. இதுக்கு 'நானே'ன்னு அர்த்தம். ஒரு கம்ப்யூட்டர் தன்னைத்தானே கூப்பிட்டுக்கற நம்பர்."

எனக்குச் சட்டென்று உயிர் வந்தது. "அப்போ சென்டர் கம்ப்யூட்டர் முன்னாடியே யாரோ உக்காந்து பண்ணியிருக்காங்க! இங்கேருந்து இல்லை! அப்பாடா, தப்பிச்சேன்டா!"

"எழுந்து ஆடாதே. உக்காரு."

உட்கார்ந்தேன்.

"சுரங்கத்தோட அந்தப் பக்கத்து வாய் எங்க திறக்குது? சென்டரோட நடுக்கூடத்துல. அது வழியா வர்றவன் வாசல்ல வந்து நிக்கமாட்டான், நடுக்கூடத்துல முளைப்பான். கம்ப்யூட்டர் அவனைப் பாத்துட்டு, ஓ இது நம்ம வீட்டு ஆளுன்னு எழுதிக்கும்."

"நான் தினமும் போறதும் இதே நம்பர்லதானா?"

"இதே நம்பர்தான்."

"வேற எவனாவது சுரங்கம் வழியா போனாலும்?"

"இதேதான்."

"இதுக்குப் பேருதான் பாதுகாப்பாடா?"

"சுரங்கத்துக்குள்ள நுழைய சாவி வேணும் அக்கா. நீ கொஞ்சம் பேசாம இரு, அந்தப் பதிவு வேற இடத்துல இருக்கு."

பேசாமல் இருக்க முடியவில்லை. "நான் ஸ்கேன் ஐகானை அமுக்கும்போது எந்த நம்பரைக் கூப்பிடறேன்?"

"உன் கம்ப்யூட்டரைத்தான். இதே நானே நம்பர். அங்க சுரங்கத்தோட இந்தப் பக்கத்து வாய் இருக்கு."

அதாவது நான் என் கம்ப்யூட்டரிலிருந்து என் கம்ப்யூட்டரையே கூப்பிடுகிறேன். இரண்டரை மணி நேரத்துக்கு அப்பால் மணி அடிக்கிறது. அங்கே போய் இறங்கினால் நான் அங்கேயே பிறந்து வளர்ந்தவள் என்று எழுதிக்கொள்கிறார்கள். எனக்கு மூளை இருக்கிறது என்பதற்கு ஸ்கேன் ஆதாரமே இருக்கிறது, ஒரு தலைவலியின்போது எடுத்தது. அன்றைக்கு அது கொஞ்சமும் வேலை செய்யவில்லை.

வயர் தன் மடிக்கணினியில் எதையோ தட்டிக்கொண்டே போனான். சுரங்கத்தின் வாயில் எந்தச் சாவி எப்போது வந்தது என்று தனியாக ஒரு பதிவு இருக்கிறதாம். கொஞ்ச நேரத்தில் அவன் தட்டுவது நின்றது.

"செவ்வாய்க்கிழமை ஒரே ஒரு சாவிதான் வந்திருக்கு. உன்னோடது. காலைல எட்டு அம்பத்திரண்டுக்குத் திறந்திருக்க. ராத்திரி ஒன்பது பத்துக்கு மூடியிருக்க. நடுவுல மூடவே இல்லை."

"புளுகு! பன்னெண்டரைக்கே மூடிட்டுத்தான் அத்தையைக் கூட்டிட்டுப் போனேன்."

"எப்படி மூடின? செஞ்சு காட்டு."

என் பெயர்தான் பூட்டிக்கிடக்கிறதே. அவன் தன் பெயரில் உள்ளே போய் ஜன்னலைத் திறந்து கொடுத்தான். நான் மூலையிலிருந்த பெருக்கல் குறியை ஒரு அமுக்கு அமுக்கினேன். சென்டர் மறைந்தது, என் கம்ப்யூட்டரின் நீல நிறம் வந்தது. "இப்படித்தான்" என்றேன்.

அவன் திரையின் அடியில், கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு கறுப்புப் பொட்டைக் காட்டினான். "இது என்ன?"

"இதுவா? இது எப்பவும் அங்கதான் இருக்கும். நான் தொடறதே இல்லை."

"ஏன் தொடறதில்லை?"

"நீதானேடா சொன்ன! 'அக்கா, இந்தக் கறுப்பு டப்பாவை மட்டும் தொடாதே, தொட்டா லைன் போயிடும்'னு மூணு வாட்டி சொன்ன. அன்னிலேருந்து அதும் பக்கம் என் விரல் போகலை. ராத்திரி மொத்தமா கம்ப்யூட்டரை நிறுத்தும்போது அதுவே போயிடும்."

அவன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். "வேலை நடக்கும்போது தொடாதேன்னு சொன்னேன் அக்கா. வேலை முடிஞ்சதும் மூடுன்னு சொல்லலையே. ஐயோ, சொல்லலையே நான்."

"என்னடா, புரியற மாதிரி சொல்லித் தொலை."

"நீ மூடினது ஜன்னலை. சுரங்கம் திறந்தே கிடந்திருக்கு. பாஸ்வேர்டையும் 'ஞாபகம் வெச்சுக்கோ'ன்னு டிக் போட்டு வெச்சிருக்க. செவ்வாய்க்கிழமை பகல் பூரா இந்த நாற்காலில யார் வந்து உக்காந்து அந்த ஐகானை அமுக்கியிருந்தாலும் நேரா சென்டர் நடுக்கூடம்தான். சாவியே வேண்டாம்."

உலகத்தில் எங்கெங்கோ இருந்த பன்னிரண்டாயிரம் பேரைத் தடுத்துவிட்டோம். இந்த ஒற்றை நாற்காலியைத் தடுக்க எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. ஆனால் அந்த மதியம் வீட்டில்தான் யாருமே இல்லையே! நானும் அத்தையும் கண் டாக்டரிடம். என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டது என்று காலையிலேயே கிளம்பிப் போனவர். கதவைப் பூட்டி, இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் நான் இறங்கினேன்.

பிறகுதான் எனக்கு அது உறைத்தது. தம்பியை ஒரு மாதிரியாகத் திரும்பிப் பார்த்தேன்.

"சாவி உன்கிட்டதானே இருக்கு?"

"என்கிட்ட எப்படி இருக்கும்? தனிச் சாவி உன்னை விட்டு எங்கேயும் போகாது. என்கிட்ட இருக்கறது உன் பொதுச் சாவி மட்டும்தான்."

"பொதுச் சாவியா? எதைக் கேட்டுடா பொதுவாக்கின?"

"அது பொதுவா இருக்கணும் அக்கா, யாருக்கு வேணாலும் குடுக்கலாம். அதை வெச்சுக்கிட்டு எவனாலயும் உள்ள வர முடியாது. சென்டர்ல ஒண்ணு போட்டு வெச்சிருக்கேன்..."

"சென்டர்ல எதுக்குடா என் வீட்டுச் சாவி?"

"வீட்டுச் சாவியா?"

"பின்னே நான் எதைக் கேட்டேன்? வாசக்கதவுச் சாவி! போன வருஷம் நாங்க வெளியூர் போனப்போ உன்கிட்ட ஒண்ணு குடுத்தோமே, அது!"

அவன் கை விசைப்பலகையை விட்டு இறங்கியது. இவ்வளவு நேரம் இருந்த கடுப்பு போய்விட்டது. அந்த இடத்தில் வந்த முகத்தை நான் பார்த்திருக்க வேண்டாம்.

"என்னைச் சந்தேகப்படறியா அக்கா?"

"ஆமாம்" என்றேன். வாய் முந்திக்கொண்டது. சொன்ன மறுநொடியே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அவன் கத்துவான் என்று நினைத்தேன், கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மெதுவாகச் சொன்னான். "அந்தச் சாவியை மாமாகிட்ட குடுத்து மூணு வாரம் ஆச்சு. அவரோட சாவி லிஃப்ட் குழில விழுந்துடுச்சாம். வீட்டுக்கே வந்து வாங்கிட்டுப் போனார். உன்கிட்ட சொல்லலையா?"

சொல்லவில்லை.

*

அத்தைக்குச் சொட்டு மருந்து விடுகிற நேரம் தாண்டிவிட்டது. கீழே இறங்கி வந்து மருந்தை விட்டேன். முதல் சொட்டு கன்னத்தில் விழுந்தது.

"கண்ணு மேல இருக்கு டாக்டரம்மா" என்றார் அத்தை.

என் வீட்டுக்காரருடன் வேலை செய்கிற பையன் ஒருவனின் நம்பர் என்னிடம் இருந்தது. கூப்பிட்டு, செவ்வாய்க்கிழமை அந்தப் பன்னிரண்டு மாடி லிஃப்ட் சரியாயிற்றா என்று விசாரிக்கிற மாதிரி விசாரித்தேன்.

"எந்த லிஃப்ட் அக்கா? அண்ணன் செவ்வாய்க்கிழமை லீவாச்சே. உங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறதா சொன்னாரே?"

"ஆமாமாம், மறந்தே போச்சு" என்று வைத்துவிட்டேன்.

இருபத்திரண்டு வருஷம் கூட வாழ்ந்த மனிதர். ரிமோட்டில் சேனல் மாற்றுகிற பட்டன் எது என்று இன்றைக்கும் அம்மாவிடம் கேட்கிறவர். அவருக்கும் ஒரு ஸ்கேன் ரிப்போர்ட்டுக்கும் என்ன சம்பந்தம்? யாராவது கேட்டு, பார்த்துச் சொன்னாரா? எந்த உறவுக்காரர், எந்தச் சிநேகிதர்? அப்படியென்றால் என்னிடம் நேராகக் கேட்டிருக்கலாமே. என்னிடம் கேட்க முடியாத ஆள் யார்?

உங்களிடம் மறைப்பானேன், அடுத்து நான் நினைத்தது ஒரு பெண்ணைத்தான். 4471 என்பவள் எப்படி இருப்பாள் என்று வரைந்துகூடப் பார்த்துவிட்டேன். ஒரு நாளைக்கு நாற்பது படம் பார்க்கிறேன். எனக்கு நம்பர் ஞாபகம் இருக்காது, படம்தான் ஞாபகம் இருக்கும். திறந்து பார்க்கலாம் என்றால் என் பெயர் பூட்டிக்கிடக்கிறது. வயர் பெயரில் வாசல்வரைதான் போக முடியும், நோயாளிகளின் அலமாரி திறக்காது.

"என் பிள்ளை பொய் சொல்லமாட்டான்" என்றார் அத்தை திடீரென்று. போனில் பேசியது முழுவதும் கேட்டிருக்கிறது. கொஞ்சம் யோசித்துவிட்டு, "சொன்னாலும் அவனுக்குச் சரியாச் சொல்ல வராது" என்றும் சேர்த்துக்கொண்டார்.

மாடிக்குப் போனேன். வயர் என்னை நிமிர்ந்து பார்க்காமலே வேலையில் இருந்தான். இனிமேல் பத்து நிமிஷம் யாரும் எதையும் தொடாவிட்டால் சுரங்கம் தானாக மூடிக்கொள்ளும். பாஸ்வேர்டை ஞாபகம் வைத்துக்கொள்கிற டிக் போய்விட்டது. ஒவ்வொரு முறையும் என் போனுக்கு ஒரு எண் வரும், அதைப் போட்டால்தான் வழி திறக்கும். ஒரு தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டு வைத்திருந்தான்.

"மேடத்துக்கு இதை அனுப்பிடலாம். இனிமே நடக்காதுன்னு நான் பொறுப்பு. ஆனா செவ்வாய்க்கிழமை யாருன்னு நீதான் சொல்லணும்."

"டேய், நான் உன்னைச் சொன்னது..."

"விடுக்கா." இன்னும் நிமிரவில்லை. "ஒண்ணு சொல்றேன், கேளு. சுரங்கத்துல கோளாறு, ஒரு தடவை தானாத் திறந்துக்கிச்சுன்னு எழுதித் தர்றேன். அவங்களுக்குப் புரியவா போகுது? பழி என் மேலயே இருந்துட்டுப் போகட்டும். உன் வேலை தப்பிக்கும், மாமா பேரும் வெளிய வராது."

நல்ல யோசனையாகத்தான் தெரிந்தது. ஒரு முழு நிமிஷம் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். திருடி என்று பேர் வாங்கியவளுக்கே திருட்டைக் கற்றுக்கொடுக்கிற தம்பி. இவனைத்தான் நான் சந்தேகப்பட்டேன்.

"அப்படி எழுதினா சுரங்கமே வேண்டாம்னு பழையபடி வாசலைத் திறந்து விட்டுடுவாங்கடா" என்றேன். "உன் பொழப்பும் போகும். முதல்ல அந்த மனுஷன் வரட்டும்."

*

நாலு இருபத்தைந்துக்கு அந்த மனிதர் வந்தார். வழக்கமாக ஏழு மணிக்கு வருகிறவர். படிக்கட்டில் உட்கார்ந்து கனத்த பூட்ஸைக் கழற்றத் தொடங்கினார். நான் இரண்டு படி மேலே நின்றுகொண்டேன்.

"செவ்வாய்க்கிழமை நீங்க வேலைக்குப் போகலை."

"இல்லை."

"வீட்டுக்கு வந்தீங்க. மாடில என் கம்ப்யூட்டர்ல உக்காந்தீங்க."

"ஆமாம்."

நேற்று ராத்திரி முழுக்க நான் தூங்காமல் புரண்டது, தம்பியின் முகத்தைக் கெடுத்தது, எல்லாவற்றுக்கும் இந்த மனிதர் ஒரு 'ஆமாம்' வைத்திருக்கிறார். எனக்குத் தாங்கவில்லை.

"எப்படிங்க மனசு வந்துச்சு? இன்னும் அரை மணி நேரத்துல என் வேலை போகப்போகுது, தெரியுமா? நாலு வருஷம் நான் எப்படிக் கிடந்தேன்னு பாத்தவர்தானே நீங்க? யாருங்க அந்த 4471? எவளா இருந்தாலும் சொல்லிடுங்க. நான் மேடத்துக்குப் பதில் சொல்லணும்."

அவர் ஒரு பூட்ஸைக் கழற்றிவிட்டு இன்னொன்றைக் கழற்றாமல் நிறுத்தினார். சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு சீட்டை எடுத்து நீட்டினார். எங்கள் சென்டரின் சீட்டு, வேறொரு கிளையின் முத்திரை. மேலே 4471. அதற்குக் கீழே பெயர். கல்யாணப் பத்திரிகையில் என் பெயருக்குப் பக்கத்தில் அச்சடித்த அதே பெயர்.

"எவளும் இல்லை. நான்தான்" என்றார்.

எனக்கு முதலில் விளங்கவே இல்லை. சீட்டையும் அவரையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன்.

"ரெண்டு மாசமா இருமல் போகலை. லிஃப்ட் குழில தூசின்னு உன்கிட்ட சொன்னேன். நானும் அப்படித்தான் நினைச்சேன். டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். நம்பர்தானே போவுது, பேர் தெரியாதே, எவ்வளவோ டாக்டர் இருக்காங்க, உனக்கு வராதுன்னு நினைச்சேன். ஒண்ணுமில்லைன்னு வந்தப்புறம் சொல்லிக்கலாம், எதுக்கு உன்னைக் கலவரப்படுத்தணும்னு இருந்துட்டேன். ரிப்போர்ட்டை இந்த வெள்ளிக்கிழமை வந்து வாங்கிக்கோன்னாங்க. அதுவரைக்கும் பொறுக்க முடியலை. உள்ள போய் நம்பரைப் போட்டுத் திறந்தா, கீழ உன் பேரு இருக்கு."

ஆண், ஐம்பத்தொன்று. நம்பர் எனக்கு ஞாபகம் இல்லை. படம் ஞாபகம் வந்துவிட்டது.

வலது நுரையீரல், மேல் பகுதி. இரண்டு சென்டிமீட்டர் கட்டி. ஓரம் வழவழப்பாக இல்லை, கெட்ட கட்டிக்குத்தான் அப்படி இருக்கும். போன வியாழக்கிழமை, அன்றைக்கு முப்பத்தோராவதோ முப்பத்திரண்டாவதோ. அதை எழுதிக்கொண்டிருக்கும்போது கீழே டிவி அலறியது. "யாராவது அதைக் குறைச்சுத் தொலைங்களேன், நான் வேலை பாக்கறேன்ல" என்று மாடியிலிருந்து கத்தினேன். சத்தம் உடனே குறைந்தது. அத்தை கண்ணை மூடிப் படுத்திருந்தார், டிவியைக் குறைக்க அன்றைக்கு வீட்டில் இவரைத் தவிர வேறு யாரும் இல்லை. நான் கடைசி வரியை எழுதி, கையெழுத்துப் போட்டு, அடுத்த நம்பரைத் திறந்தேன்.

"இருபத்தாறு நிமிஷம் பாத்தேன்" என்றார் அவர். "மேல எழுதினது பாதி புரிஞ்சுது. கடைசி வரி மட்டும் எனக்குப் புரியவே இல்லை. ரெண்டு நாளா உன்கிட்ட கேக்கணும்னுதான் சுத்தி சுத்தி வந்தேன். நீ என்ன எழுதியிருக்க அதுல?"

போன் அடித்தது. மாடியிலிருந்து வயர் எட்டிப் பார்த்து, "அக்கா, மேடம்" என்றான். சீட்டைப் பார்த்தான், எங்கள் இரண்டு பேரையும் பார்த்தான். போனை எடுத்துவந்து என் கையில் கொடுத்தான்.

"சொல்லுங்க டாக்டர்" என்றார் மேடம். "எல்லாரும் வந்தாச்சு. யாருன்னு தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது மேடம். என் வீட்டுக்காரர்."

மேடம் அடுத்ததைக் கேட்பதற்குள் நானே தொடர்ந்தேன்.

"வழியைத் திறந்து போட்டுட்டுப் போனது நான்தான். அவருக்கு இதுல ஒண்ணும் தெரியாது, என் தம்பி மேலயும் தப்பில்லை. இனிமே நடக்காம இருக்க அவன் எல்லாம் எழுதி வெச்சிருக்கான், அனுப்பறேன். வேலையைப் பத்தி நீங்க என்ன முடிவு பண்ணினாலும் சரி."

இவ்வளவையும் தடுமாறாமல் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகுதான் கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

"மேடம், எனக்கு ஒரே ஒரு உதவி வேணும். அந்த 4471 படத்தை வேற டாக்டர் யாரையாவது இப்பவே பாக்கச் சொல்லுங்க. நான் அவசரத்துல பாத்தேன். சத்தம் வேற. நான் எழுதினது தப்பா இருக்கும். தப்புன்னு யாராவது சொல்லணும் மேடம்."

ஒற்றைப் பூட்ஸோடு எழுந்து நின்றுவிட்டார் என் வீட்டுக்காரர்.

மேடத்துக்கு நான் என்ன கேட்கிறேன் என்று விளங்கவில்லை. வேலை போய்விடும் என்று பயந்து பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டார் போல. குரலைத் தணித்துக்கொண்டு, ஆறுதலாகத்தான் சொன்னார்.

"ஏம்மா இப்படிப் பேசறீங்க? பதினாலு மாசத்துல உங்க ரிப்போர்ட் ஒண்ணு கூடத் தப்பானதில்லையே."

"என்ன சொல்றாங்க?" என்றார் என் வீட்டுக்காரர்.